48 மணி நேரமாக எது எங்கே பரவுகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையதளத்தைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து புதிய இடத்துக்கு மாற்றிவிட்டீர்கள், டொமைனின் (தளத்தின் பெயர்) நேம்சர்வர்களையும், அதாவது அந்தப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சர்வர்களையும், மாற்றிவிட்டீர்கள். உங்கள் கைபேசியில் புதிய தளம் தெரிகிறது. நண்பருக்கு இன்னும் பழையதே வருகிறது. சில மின்னஞ்சல்கள் பழைய பெட்டிக்கே போய்ச் சேருகின்றன. கேட்டால் 'ப்ராபகேட் ஆக (பரவ) 48 மணி நேரம் ஆகும், பொறுங்கள்' என்கிறார்கள். ஒரு வீடியோ கண் இமைப்பதற்குள் உலகத்தைச் சுற்றி வரும் காலத்தில், சில எழுத்துகளும் ஒரு எண்ணும் பரவ ஏன் இரண்டு நாள், வேகப்படுத்த வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: ஒரு பெயர் எந்த எண்ணைக் குறிக்கிறது என்பது எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது, அதை யார் யாரிடம் கேட்கிறார்கள்? ரிசால்வர்களையும் (உங்களுக்காகப் பெயரைத் தேடி முகவரியை வாங்கித் தரும் சர்வர்கள்) நேம்சர்வர்களையும் பராமரிப்பதே பல வருடங்களாக என் வேலை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சுருக்கமான பதில், எதுவும் எங்கும் பரவுவதில்லை. வீடு மாறியவர் ஊர் முழுக்கத் தண்டோரா போடவில்லை. பழைய விலாசத்தைக் குறித்துவைத்திருந்தவர்கள் அந்தக் குறிப்பு காலாவதியாகும்வரை அதையே பார்த்து நடக்கிறார்கள். நேரம் பிடிப்பது பழையதை மறப்பதற்கு. 'ப்ராபகேஷன்' என்ற சொல்தான் இதில் முதல் குற்றவாளி. ஏதோ அலை கிளம்பி, பக்கத்து ஊரை முதலில் தொட்டு, பிறகு தூரத்துக் கண்டங்களைச் சேர்வதைப்போல நினைக்க வைக்கிறது. உலக வரைபடத்தில் பச்சைக் குறியும் சிவப்புக் குறியும் போட்டுக் காட்டும் தளங்கள் அந்தக் கற்பனைக்கு உரம் போடுகின்றன. தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரே அறையில் இரண்டு கைபேசிகள், ஒன்று வைஃபையிலும் மற்றது மொபைல் டேட்டாவிலும் இருந்தால், ஒன்றில் பழைய தளமும் மற்றதில் புதிய தளமும் தெரியலாம்.

நிஜமாகவே 'பரவிய' காலம் ஒன்று இருந்தது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் நாட்களில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள், மற்ற எல்லோரும் அவ்வப்போது முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகக் கோப்பும் பெருத்தது, இறக்குபவர்களின் வரிசையும் நீண்டது. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ், இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி வரிசையில் 882, 883 என்ற இரண்டு ஆவணங்களில் மாற்று வழியை எழுதினார். 1987இல் அவற்றின் இடத்துக்கு வந்த 1034, 1035 இரண்டும் இன்றுவரை டிஎன்எஸ்ஸின், அதாவது பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் இந்த அமைப்பின், அடித்தளம். அவர் செய்ததில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம். புத்தகத்தைப் பிரித்து, அந்தந்தப் பக்கத்தை அதற்குரியவர் கையிலேயே கொடுத்தார். கேட்டறிந்த பதிலை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். இன்று உங்களைப் படுத்துவது இந்த இரண்டாவது ஏற்பாடு. அது இல்லாவிட்டால் முதல் ஏற்பாடு ஒரு நாள்கூடத் தாங்காது.

ஒரு கேள்வி எப்படிப் பயணப்படுகிறது என்று பாருங்கள். பெயர் உதாரணம்.காம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைபேசி தானாகத் தேடி அலையாது, ஒரு ரிசால்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அந்த ரிசால்வர் பெரும்பாலும் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தினுடையது. சிலர் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்களை வைத்திருப்பார்கள். ரிசால்வர் பெயரை வால் பக்கமிருந்து படிக்கும். காமுக்கும் பின்னால் நாம் எழுதாமல் விடும் ஒரு புள்ளி இருக்கிறது, அதுதான் ரூட். ரூட் சர்வர்களுக்கு ஆங்கில எழுத்து ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். அந்தக் காலத்தில் ஒரு டிஎன்எஸ் பதில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதற்குள் இத்தனை பெயர்களையும் முகவரிகளையும்தான் திணிக்க முடிந்தது. '13 கணினிகள்தான் மொத்த இணையத்தையும் தாங்குகின்றன' என்று வருடாவருடம் யாராவது எழுதுகிறார்கள், தவறு. 12 அமைப்புகள் நடத்தும் அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள் பல நாடுகளில் நிற்கின்றன. எனிகாஸ்ட் என்ற முறையில் ஒரே ஐபி முகவரியை (கணினியைக் குறிக்கும் எண்) பல இடங்களிலிருந்து அறிவிப்பதால், கேட்பவருக்கு நெட்வொர்க் வழியில் கிட்ட இருப்பது பதில் சொல்லும்.

ரூட்டுக்கு உதாரணம்.காம் பற்றி ஒன்றும் தெரியாது. 'காம் விஷயமா, இவர்களைக் கேள்' என்று காம் சர்வர்களைக் காட்டும். அவற்றுக்கும் உங்கள் தளத்தின் முகவரி தெரியாது. 'உதாரணம் விஷயமா, இந்த நேம்சர்வர்களைக் கேள்' என்று கை காட்டும். அந்த நேம்சர்வர்தான் கடைசியில் ஐபி முகவரியைச் சொல்லும். மொத்தமும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வழியில் கிடைத்த ஒவ்வொரு பதிலையும் ரிசால்வர் தன் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், போட்டுக்கொள்ளும். அடுத்த நிமிடம் வேறொருவர் வேறொரு காம் பெயரைக் கேட்டால் ரூட் வரை போக வேண்டியதில்லை, நேராகக் காம் சர்வருக்குப் போகலாம்.

ஒவ்வொரு பதிலோடும் ஒரு எண் வரும், அதற்கு டிடிஎல் என்று பெயர். 'இதை இத்தனை நொடி நம்பலாம்' என்று அர்த்தம். 3,600 என்றால் ஒரு மணி நேரம். ரிசால்வர் அந்த எண்ணை நொடிக்கு நொடி குறைத்துக்கொண்டே வரும், பூஜ்யம் ஆனதும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்கும். இடையில் நீங்கள் பதிலை மாற்றினால் அதற்குத் தெரியாது. தெரிவிக்கும் வசதியும் கிடையாது, ஏனென்றால் உங்கள் பெயரை யார் யாரெல்லாம் கேஷில் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் நேம்சர்வர் பட்டியல் எதுவும் வைப்பதில்லை. நீங்கள் மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கேட்ட ரிசால்வரும் ஐம்பது நிமிடம் முன்னால் கேட்டதும் வேறு வேறு நேரத்தில் மறக்கும். வரைபடத்தில் குறிகள் ஒன்றொன்றாகப் பச்சையாக மாறுவதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் 48 என்ற எண் எங்கிருந்து வந்தது? காம் சர்வர்கள் உங்கள் நேம்சர்வர் பட்டியலைக் கொடுக்கும்போது அதில் போடும் டிடிஎல் 1,72,800 நொடி. வகுத்துப் பாருங்கள், சரியாக 48 மணி நேரம். இதோடு ஒரு பழைய காரணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2004 வரை காம் பட்டியலே ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் புதுப்பிக்கப்பட்டது. நீங்கள் மாற்றியது அந்தப் பட்டியலில் ஏறவே பாதி நாள் போய்விடும். அந்த வருடம், காம் பட்டியலைப் பராமரிக்கும் வெரிசைன் நிறுவனம் அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று மாற்றியது. ஆனாலும் உதவி மையங்களின் வாயில் பழைய வசனம் தங்கிவிட்டது. நேம்சர்வரைத் தொடாமல் ஐபி முகவரியை மட்டும் மாற்றியவரிடமும் 48 மணி நேரம் என்கிறார்கள். அவருக்குப் பொருந்துவது அவருடைய ரெக்கார்டின் (நேம்சர்வரில் முகவரி எழுதியிருக்கும் வரி) டிடிஎல் மட்டுமே. அது 300 நொடி என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

நீங்கள் மாற்றியது நேம்சர்வர், ஆகவே உங்கள் கதை கொஞ்சம் சிக்கலானது. நேம்சர்வர் பட்டியல் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று மேலே, காம் சர்வர்களில். டொமைனை உங்களுக்கு விற்ற ரிஜிஸ்ட்ராரிடம் நீங்கள் மாற்றினால் அவர் காம் பட்டியலை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரிக்குச் சொல்லி அங்கே ஏறுவது இது. இன்னொன்று கீழே, உங்கள் நேம்சர்வரிலேயே. கீழே இருப்பதற்கு அதன் சொந்த டிடிஎல் உண்டு, அது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். இரண்டில் எதை நம்புவது? 1997இல் வந்த ஆர்எஃப்சி 2181, உரியவரின் வாயிலிருந்து வந்த பதிலுக்கே மதிப்பு அதிகம் என்கிறது, அதாவது கீழே இருப்பதற்கு. பல ரிசால்வர்கள் அப்படித்தான் நடக்கின்றன. சில, மேலே இருந்து வந்ததையே பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டுகின்றன. இதுவரை நான் சொன்னதெல்லாம் உறுதியானது. உங்கள் நண்பரின் ரிசால்வர் இதில் எந்த ரகம் என்பதை இங்கிருந்தபடி சொல்ல முடியாது. ஒரு வீண் சுழல் மட்டும் தெளிவு. பழைய நேம்சர்வரை இன்னும் கேஷில் வைத்திருக்கும் ரிசால்வர், ஐபி முகவரியின் டிடிஎல் தீர்ந்ததும் பழைய நேம்சர்வரிடமே போய் மறுபடி கேட்கும். அங்கே பழைய ரெக்கார்டு அப்படியே இருந்தால் பழைய பதிலையே புத்தம் புதிதாக வாங்கி வரும்.

ஆகவே பழைய நேம்சர்வருக்குள் உங்களால் இன்னும் நுழைய முடிந்தால், முதல் வேலையாக அங்கே உள்ள ரெக்கார்டுகளையும் புதிய ஐபி முகவரிக்கு மாற்றுங்கள். யார் எந்த நேம்சர்வரைக் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்கட்டும். இத்தனை வருடத்தில் இந்த ஒரு யோசனையால் ஆன நன்மை, மற்ற எல்லா வித்தைகளையும் சேர்த்தாலும் வராது. பழைய நேம்சர்வரை உடனே அணைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அது எதிர்விளைவையும் தரலாம். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8767இன்படி, உரிய நேம்சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் ரிசால்வர் தன்னிடம் உள்ள காலாவதியான பதிலையே தற்காலிகமாகக் கொடுக்கலாம். பெரிய தாக்குதல் நடக்கும்போது தளங்கள் மறைந்துபோகாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. உங்கள் விஷயத்தில் செத்துப்போன பழைய முகவரிக்கு மேலும் கொஞ்சம் உயிர் கொடுத்துவிடும்.

ரிசால்வர் ஒன்றே நினைவு வைப்பதில்லை. பிரவுசர் தனியாகக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும், அது பெரும்பாலும் ஒரு நிமிட அளவுதான். இயங்குதளம் வைத்துக்கொள்ளும். வீட்டு ரவுட்டரும் ஒரு குட்டிக் கேஷ் வைத்திருக்கலாம். பழைய சர்வரோடு திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் பிரவுசர் அதிலேயே பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. இவற்றையெல்லாம்விட மோசமானவை, இடைவிடாமல் ஓடும் சில நிரல்கள். தொடங்கும்போது ஒருமுறை முகவரியைக் கேட்டுவிட்டு, நிறுத்தப்படும்வரை மறுபடி கேட்பதேயில்லை. அணைக்கப்போகும் ஒரு சர்வரின் கோரிக்கைப் பதிவேடான லாகைப் பார்த்தபோது, மூன்று வாரம் கழித்தும் ஒரே ஒரு இடத்திலிருந்து ஒழுங்காகக் கோரிக்கை வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்து ஆட்களைக் கண்டுபிடித்து, 'உங்கள் நிரலை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று சொன்னதும் நின்றுவிட்டது.

'சேவை நிறுவனங்கள் டிடிஎல்லை மதிப்பதில்லை, வேண்டுமென்றே நாள்கணக்கில் பிடித்துவைக்கின்றன' என்று ஒரு குற்றச்சாட்டு எல்லா இடத்திலும் அடிபடுகிறது. இதில் பாதி உண்மை. மிகச் சிறிய டிடிஎல்லைக் கொஞ்சம் நீட்டுமாறு ரிசால்வர்களை அமைக்க முடியும், சிலர் அமைத்தும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் குற்றச்சாட்டோடு என்னிடம் வந்தவற்றைத் தோண்டிப் பார்த்தபோது, பெரும்பாலும் காரணம் வேறாகவே இருந்தது. மாற்றவேண்டிய ரெக்கார்டுக்குப் பதில் வேறொன்றை மாற்றியிருப்பார்கள், பழைய வகை முகவரியான ஐபிவி4ஐ மாற்றிவிட்டு, புதிய வகையான ஐபிவி6க்கான ரெக்கார்டை மறந்திருப்பார்கள். இந்த இரண்டாவது உங்கள் கதைக்கும் பொருந்தக்கூடும், சரிபாருங்கள். ஐபிவி6 உள்ள நெட்வொர்க்கில் இருப்பவருக்குப் பழைய தளமும், இல்லாதவருக்குப் புதியதும் தெரியும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது தானாகச் சரியாகாது.

ஊகிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். டிஎன்எஸ்ஸிடம் நேராகக் கேள்வி கேட்கும் டிக் (dig) என்ற கட்டளையை லினக்ஸிலும் மேக்கிலும் எளிதாகப் பெறலாம், விண்டோஸில் என்எஸ்லுக்கப் இருக்கிறது. முதலில் உங்கள் புதிய நேம்சர்வரையே குறிப்பிட்டுக் கேளுங்கள். அதுவே தவறான முகவரி சொன்னால் கேஷ் மேல் பழி போடாதீர்கள், கோளாறு உங்கள் ரெக்கார்டில். அடுத்து காம் சர்வர் ஒன்றைக் கேளுங்கள், அங்கே புதிய நேம்சர்வர் பெயர்கள் ஏறிவிட்டனவா என்று தெரியும். பிறகு நண்பரின் கணினியிலிருந்து சாதாரணமாகக் கேட்கச் சொல்லுங்கள், பத்து நொடி விட்டு மறுபடியும். டிடிஎல் பத்து குறைந்திருந்தால் அது கேஷிலிருந்து வருகிறது, எத்தனை நொடி மீதி என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. பெரிய ரிசால்வர்களில் ஒரே முகவரிக்குப் பின்னால் பல கணினிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேஷ். அதனால் எண் முன்னும் பின்னும் குதித்தால் பயப்பட வேண்டாம். கூகுள், கிளவுட்ஃப்ளேர் இரண்டுமே தங்கள் கேஷிலிருந்து ஒரு பெயரை நீக்கச் சொல்லிக் கேட்கும் பக்கத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. வேகப்படுத்த வழி உண்டா என்று கேட்டீர்களே, ஓரளவு உண்டு என்பதற்கு இது சாட்சி. சேவை நிறுவனத்தின் சொந்த ரிசால்வரில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய துணைப்பெயர் (பிளாக்.உதாரணம்.காம் போல) எதையாவது தொடங்குவதாக இருந்தால், ரெக்கார்டைச் சேர்ப்பதற்கு முன்னால் 'வந்துவிட்டதா' என்று தட்டிப் பார்க்காதீர்கள். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலும் கேஷில் தங்கும். எவ்வளவு நேரம் என்பதை அந்த டொமைனின் பொது விவரங்கள் உள்ள எஸ்ஓஏ ரெக்கார்டு தீர்மானிக்கும். ஒரு வாடிக்கையாளரின் திறப்பு நாளன்று, நான் ரெக்கார்டை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் ஆர்வம் தாங்காமல் பிரவுசரில் தட்டிவிட்டார். எஸ்ஓஏயில் இருந்த எண் 10,800. மற்ற எல்லோருக்கும் தளம் தெரிந்தது, அவர் அலுவலகத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் தெரியவில்லை. அவரைச் சமாதானப்படுத்த நான் பட்ட பாடு தனிக் கதை. அந்த எண்ணை அத்தனை பெரிதாக வைத்திருந்தது என் தவறுதான்.

மின்னஞ்சலுக்கு வருகிறேன். அதற்கு எம்எக்ஸ் என்று தனி ரெக்கார்டு, அனுப்பும் சர்வர் அதைப் பார்த்து எங்கே கொடுப்பது என்று முடிவுசெய்யும். அதற்கும் டிடிஎல் உண்டு, அதற்கும் மேலே சொன்ன கதை எல்லாம் பொருந்தும். ஆனால் பழைய பெட்டிக்குப் போகும் அஞ்சல்களில் ஒரு வகை 48 மணி நேரம் போனாலும் 48 நாள் போனாலும் திரும்பி வராது. பழைய ஹோஸ்டிங்கின் மெயில் சர்வரில் உங்கள் டொமைன் இன்னும் 'நம் வீட்டுப் பிள்ளை' என்றே பதிவாகியிருக்கும். அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவர் உங்களுக்கு எழுதினால், அது டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது. உள்ளுக்குள்ளேயே பழைய பெட்டியில் போட்டுவிட்டு, அனுப்பியாகிவிட்டது என்று சொல்லிவிடும். பழைய தளத்தின் தொடர்புப் படிவம் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதி. பழைய கணக்கில் இருக்கும் அஞ்சல்களை இறக்கி எடுத்துக்கொண்டு, அந்தச் சர்வரிலிருந்து உங்கள் டொமைனையே நீக்கச் சொல்வதுதான் தீர்வு. எந்தெந்த அனுப்புநர்களின் அஞ்சல் தவறிப்போகிறது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். எப்போதும் அதே நாலு பேர் என்றால் சந்தேகம் இந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

டிஎன்எஸ் பதில்களுக்கு மின்கையொப்பம் இடும் டிஎன்எஸ்செக் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வரி. மேலே ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் டிஎஸ் ரெக்கார்டு பழைய கையொப்பச் சாவியைக் காட்டிக்கொண்டிருக்க, நேம்சர்வரை மட்டும் மாற்றினால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் பதிலையே தர மறுக்கும். உங்களுக்குப் புதிய தளமும் நண்பருக்குப் பழைய தளமும் தெரிவதால், உங்கள் சிக்கல் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்த முறைக்கான முறையையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுவதற்குச் சில நாள் முன்னால் ரெக்கார்டுகளின் டிடிஎல்லை 300க்கு இறக்குங்கள். பழைய டிடிஎல் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நேரம் முன்னால் இறக்க வேண்டும், மாற்றும் நிமிடத்தில் இறக்கினால் பயனில்லை. முதலில் ஐபி முகவரியை மாற்றுங்கள், தளம் புதிய இடத்தில் ஓடுவதைப் பாருங்கள், அதன்பின் வேறொரு நாள் நேம்சர்வரை மாற்றுங்கள். காம் சர்வர்களில் இருக்கும் அந்த 1,72,800ஐ நீங்கள் இறக்க முடியாது. ஆனால் இரண்டு நேம்சர்வர்களும் ஒரே பதில் சொல்லும்போது அது எத்தனை நாள் ஆனால்தான் என்ன? பழைய சர்வரை அணைப்பதற்கு நாள் குறிக்காதீர்கள், அதன் லாகைப் பாருங்கள். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும், ஐபி முகவரியை நேராகத் துழாவுபவர்களும் வந்துகொண்டேதான் இருப்பார்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மனிதர்கள் வருவது நின்று இரண்டு நாள் ஆகட்டும்.

இரண்டு நாள் கழித்தும் நண்பருக்குப் பழையதே வந்தால், அவர் கணினியில் டிக் கொடுத்த பதிலை டிடிஎல் எண்ணோடு இங்கே ஒட்டுங்கள். ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.